உர மூட்டைக்குப் பின்னால் நின்ற மொரிஸ் மைனர்

நாலாவது ஸ்டட் உடைந்தபோது சத்தமே வரவில்லை. (ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட். ஒரு முனை இஞ்சினுக்குள் திருகியிருக்கும், மறுமுனையில் நட்டு.) வந்திருந்தாலாவது மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். இறுகிக் கிடக்கிற நட் விட்டுக்கொடுக்கும்போது ஒரு சத்தம் வரும், பல்லைக் கூச வைக்கிற 'கிர்ரீச்'. அது கேட்டால் அடுப்படியில் நிற்கிற வீட்டுக்காரர்கூட "வந்துருச்சா?" என்று குரல் கொடுப்பார். உடைவது அப்படியில்லை. அவ்வளவு நேரம் கல்லாக நின்ற ஸ்பேனர் திடீரென்று மெதுவாகும். வெயிலில் இளகின டொஃபியை முறுக்குகிற மாதிரி இருக்கும். அட, வருதே என்று நினைத்து முடிப்பதற்குள் நட்டும் அதற்குள் பாதி ஸ்டட்டும் சொக்கட்டோடு கைக்கு வந்துவிட்டன. மீதிப் பாதி இஞ்சின் ஹெட்டுக்குள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஹட்டன் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். (ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை, கொழும்பு ஆட்கள் கடை என்று நினைத்துக்கொள்வார்கள்.) வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு 1958 மொரிஸ் மைனர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாலு வருசமாக அதைத்தான் கழற்றிக்கொண்டிருக்கிறோம். பூட்டுகிற வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

கார் கிடைத்த விதமே ஒரு கதை. வட்டவளைப் பக்கம் உரம் விற்கிற ஒரு கடைக்காரரின் ஸ்டோர் ரூம். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அப்போது மலையில் கொழுந்து குறைந்தது, பேர் (வேலை நாள்) குறைந்தது, எல்லாருக்கும் கஷ்டம். அந்தக் கடையில் இருந்த மூட்டைகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசி அடுக்கை எடுத்தபோது பின்னால் தறப்பாளுக்குள் உருண்டையாக ஒரு முதுகு தெரிந்ததாம். அவருடைய அப்பா எழுபதுகளில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரையிடம் வாங்கியது. நம்பர் பிளேட்டில் இன்னும் சிங்கள ஸ்ரீ இருக்கிறது. அந்த ஓர் எழுத்துக்காக 1957லும் 1958லும் இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

வாங்கி வீட்டுக்கு இழுத்து வந்தோம். அடுத்த வருசம் பெற்றோலே இல்லை. லைனில் இரவு பகலாக ஆட்கள் நின்ற காலத்தில் பழைய பெற்றோல் கார் வாங்கின டீச்சர் என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு பெயர் வந்தது. ஆனால் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடின அந்த 2022 ஜூன், ஜூலையில்தான் நான் முதல் நட்டைக் கழற்றினேன்.

வட்டவளையில் வருசத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்குப் போர்டில் எழுதுகிறேன். அந்த ஸ்டோர் ரூமில் இரண்டும் இலவசம். போதாததற்கு உப்பு மாதிரி உரம் வேறு. காரின் இடது பக்கம் மூட்டைகளை ஒட்டி நின்றிருக்கிறது. இடது பக்க போல்ட் ஒவ்வொன்றும் வலது பக்கத்து ஜோடியைவிட இரண்டு மடங்கு அழிச்சாட்டியம் பண்ணியது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். இரண்டு மடங்குக்குக் குறையாது, ஈரத்தோடு சேர்ந்தால் ஐந்தாறு மடங்குகூட ஆகும். மரைக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளிக்குள் அது ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். ஆக நாம் சண்டை போடுவது இரும்போடு இல்லை, அந்த ஆப்போடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் இரசாயன சேர் இதைக் 'கறள்' என்பார். இந்தச் சொல்தான் பொருத்தம் என்று எனக்கும் இப்போது படுகிறது. துரு என்றால் உதிர்கிற தூள் மாதிரி இருக்கிறது. கறள் என்றால் பிடித்துக்கொண்டு விடாத ஏதோ ஒன்று.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த இஞ்சினில் துருவே பிடிக்காத நட்டு ஒன்றும் வெடித்திருந்தது. 948 சீசீ ஏ-சீரிஸ் இஞ்சினில் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டை (இஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதி) பிடிப்பவை பித்தளை நட்டுகள். சூட்டில் இரும்போடு ஒட்டிக்கொள்ளாது என்றுதான் பித்தளை போட்டிருக்கிறார்கள். என் காரில் மூன்றுதான் பித்தளை. மற்றவை யாரோ மாற்றிப் போட்ட சாதாரண இரும்பு நட்டு, அந்நியச் செலாவணி இல்லாத எழுபதுகளின் கைவேலையாக இருக்கும். அந்த மூன்று பித்தளையில் ஒன்று, யாரும் தொடாமலே, மேலிருந்து கீழாகக் கோடு கிழித்த மாதிரிப் பிளந்திருந்தது.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் பித்தளைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து பார்த்தால் தோட்டாக் கூடுகள் தானாக வெடித்துப் பிளந்திருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வருகிற அமோனியா, ஈரம், பித்தளைக்குள் ஏற்கெனவே இருக்கிற இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை இப்படிப் பிளக்கும் என்று 1921இல்தான் சரியாக விளக்கினார்கள். என் நட்டுக்குப் பக்கத்தில் குதிரை இல்லை. ஐம்பது வருசம் யூரியா மூட்டை இருந்தது. யூரியா ஈரத்தில் கரைந்து பிரிந்தால் வருவதும் அமோனியாதான். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிளந்த நட்டை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். உலோகப் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளின் கையில் கொடுக்க.

இனி ஸ்பேனர் விசயம். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவின் ஸ்பேனர்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன, எல்லாம் விட்வர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் அளவு. ஸ்டோரில் ரோலர், சிரொக்கோ டிரையர் எல்லாம் அந்தக் கணக்குத்தான். அப்பாவின் ஸ்பேனர், பிரிட்டிஷ் கார், பொருந்தாமல் எங்கே போகும் என்று நினைத்தேன். கால் அங்குல விட்வர்த் ஸ்பேனரைப் போட்டேன், உட்கார்ந்தது. இழுத்தேன், நட்டின் ஆறு மூலையும் வழுக்கி வட்டமானது.

கணக்குப் பார்த்தால் இப்படி. விட்வர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் விட்டம், ஸ்பேனர் வாயின் அகலம் இல்லை. கால் அங்குலம் என்று எழுதின ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீற்றர். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டது 1948இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டுக்குப் பொருந்தாமல் பட்ட பாடு அவர்களுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. மொரிஸ் மைனர் லண்டன் கண்காட்சியில் வெளிவந்ததும் அதே வருசம்தான். என் 1958 காரில் அநேகமாக எல்லாம் அந்தப் புதிய யுஎன்எஃப் மரை. 5/16 போல்ட்டின் நட்டு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அப்பாவின் ஸ்பேனர் அதற்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் லூஸ். டவுனில் எல்லாக் கராஜிலும் கிடக்கிற 13 ஸ்பேனரும் கொஞ்சம் லூஸ்தான். துரு இல்லாத நட்டென்றால் தப்பிக்கலாம், இறுகினதற்கு அது யமன். அரை அங்குல ஏஎஃப் சொக்கட் (ஏஎஃப் என்றால் நட்டின் பக்கத்துக்குப் பக்கம் அளந்த அகலம்), அதிலும் ஆறு மூலை உள்ளது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கினோம். பன்னிரண்டு மூலை சொக்கட் நட்டின் மூலையைப் பிடிக்கும். ஆறு மூலை சொக்கட் பக்கத்தைப் பிடிக்கும். முழுச் செட் வாங்கப் பணமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டுமாவது வாங்குங்கள்.

அப்பாவின் ஸ்பேனர் உதவவில்லை, அவருடைய பழக்கம் உதவியது. சின்ன வயதில் அவர் வேலை செய்யும்போது லைட் பிடிப்பது என் வேலை. அண்ணன்மார் ஓடிவிடுவார்கள். நட்டைத் தொடுவதற்கு முன்னால் அவர் முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையைத் தேய்ப்பார். நட்டு வெளியே வர வேண்டிய பாதை அதுதானே. அதில் துருவும் மண்ணும் இருந்தால், உள்ளே கழன்ற நட்டு வெளியே வந்து மறுபடி இறுகும். பிறகு அப்பாயியிடம் கொஞ்சம் ரொட்டி மா கேட்டு வாங்கி, போல்ட்டைச் சுற்றி வரப்பு மாதிரிக் கட்டுவார். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற மாதிரி அதற்குள் எண்ணெய் விடுவார். அது வழிந்து ஓடாமல் ராத்திரி முழுக்க நிற்கும். தலைகீழாக இருக்கிற போல்ட் என்றால் பழைய விளக்குத் திரியை எண்ணெயில் நனைத்துச் சுற்றிவிடுவார். திரி எண்ணெயை மேலே ஏற்றும் என்பது அவருக்கு லாம்பைப் பார்த்துத் தெரிந்தது. மயிர்த்துளை ஏற்றம் என்ற பெயரை நான் பிறகு படித்தேன்.

அவர் விட்டது மண்ணெண்ணெயும் இஞ்சின் ஒயிலும். நான் விடுவது பாதிக்குப் பாதி அசிட்டோனும் ஓட்டோ கியர் ஒயிலும் (தானாகக் கியர் மாறுகிற கார்களுக்கு விடுவது). இரண்டும் ஒழுங்காகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் போத்தலைக் குலுக்க வேண்டும். அசிட்டோன் தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கெல்லாம் நுழையும். பிறகு அது ஆவியாகிப் போய் ஒயில் மட்டும் தங்கும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போச்சு, ரப்பரில் பட்டால் ரப்பர் போச்சு. நெருப்புக்குப் பக்கத்தில் வரவே கூடாது. இதைக் கீழே மறுபடி சொல்வேன்.

ஒயில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடக் கூடாது. தட்ட வேண்டும். "திருகாத புள்ள, முதல்ல தட்டு" என்பார் அப்பா. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் மூன்று தட்டு, வந்ததும் மூன்று தட்டு. போல்ட்டின் தலையில் நேராக, உடைக்கிற மாதிரி இல்லாமல், 'ணங்' என்று கேட்கிற அளவுக்கு. மெல்லிய தகட்டில் இருக்கிற போல்ட் என்றால் பின்னால் ஒரு பாரமான சுத்தியலை அண்டக் கொடுத்து முன்னால் தட்ட வேண்டும். அதிர்ச்சியில் துருவில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அதற்குள் ஒயில் போகும். மூன்று நாள். இடது பக்கத்துக்கு ஒரு கிழமை. எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் சிரிக்கிற இடம் இது. முதல் நாளே பைப்பை மாட்டி இழுத்தவர்களின் உடைந்த போல்ட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கழற்றும்போது முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல். நிசமாகத்தான். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். அசைந்ததும் கால் சுற்று கழற்று, பாதி திருப்பி இறுக்கு, ஒயில் விடு, மறுபடி கழற்று. அவசரமாக ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே போனால் தூளெல்லாம் முன்னால் குவிந்து மறுபடி பூட்டிக்கொள்ளும்.

எந்தப் பக்கம் கழலும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து பெட்ஃபர்ட் லொறியில் இடது பக்கச் சில்லு நட்டுகள் இடமரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். புதிதாக வந்த கிளீனர் பையனும் இன்னொருவரும் ஆளுயரப் பைப்பில் தொங்கி, அரை மணி நேரம் நட்டை நன்றாக இறுக்கிக்கொண்டிருந்ததை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

மட்காட் போல்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனரின் நாலு மட்காட்டும் போல்ட்டில்தான் நிற்கின்றன, கழற்றிப் பூட்டலாம். ஆனால் பல இடங்களில் நட்டு உள்ளே தகட்டுக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். கூடு துருத்தின்றால் நட்டும் சேர்ந்து சுற்றும், ஆண்டவனே வந்தாலும் கழற்ற முடியாது. உளியை வைத்து வெட்டு. இரண்டு காசு போல்ட்டுக்காக இரண்டு நாள் தவம் இருக்காதே.

சூடு காட்டுவது வேறு கதை. அதற்குத் தவம் வேண்டும். பின் பிரேக்குக்கு மேலே ஒரு போல்ட் ஒரு மாதம் ஒயில் குடித்தும் அசையவில்லை. கடைசியில் கேஸ் டோர்ச். பெற்றோல் டாங்கியை எப்போதோ கழற்றி வெளியில் வைத்தாகிவிட்டது. அதைச் செய்யாமல் யாரும் நெருப்புப் பெட்டியைக்கூடக் கொட்டகைக்குள் கொண்டு வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிரேக் பைப்பையும் கழற்றினோம். ஊற்றி வைத்த அசிட்டோன் கலவையை இரண்டு நாள் முன்பே நிறுத்தி, அன்று காலை துணியால் துடைத்தேன். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் சூடு காட்டவே கூடாது. சில ஸ்பிரேக்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், சூட்டில் அது பொஸ்ஜீன் ஆகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு.

சூடு நட்டுக்கு, போல்ட்டுக்கு இல்லை. நட்டு மட்டும் விரிய வேண்டும். எவ்வளவு விரியும்? 8 மில்லிமீற்றர் துளை 400 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.04 மில்லிமீற்றர், தலைமயிரின் பாதி கனம். அவ்வளவுதான். அந்தப் பாதி மயிருக்காகத்தான் இத்தனை பாடு. வீட்டுக்காரர் டோர்ச்சைப் பிடித்தார், நான் ஸ்பேனரோடு குந்தியிருந்தேன். பனி கொட்டகைக்குள்ளேயே வந்திருந்தது. நெருப்பைச் சுற்றி மட்டும் ஒரு குடை அளவு வெளிச்சம். நட்டின் மேல் பூத்திருந்த ஒயில் புகைந்து, கறுத்து, பிறகு காய்ந்து சாம்பலானது. ஒரு மூலை மட்டும் முதலில் சிவந்தது. மாதுளம் விதையின் நிறம். டோர்ச்சை எடுத்ததும் நிறம் மங்கியது. அப்போது தொடக் கூடாது. பத்து, பதினைந்து எண்ணினேன். பிறகு பூசை அறையிலிருந்து கொண்டு வந்த மெழுகுதிரியை எடுத்து மரையில் தொட்டேன். மெழுகு உருகி நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருந்த கறுப்புக் கோட்டுக்குள் இழுபட்டுப் போனது. நாம் ஊற்றவில்லை, அதுவாகக் குடித்தது. கோயில் விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி. மரையின் மறுபக்கத்தில் ஒரு சொட்டு வந்து நின்றது.

"மறுபக்கம் வந்துருச்சு" என்றேன்.

"அப்ப முடிஞ்சுது, இழு" என்றார்.

இழுக்கவே தேவையில்லாமல் இருந்தது. அந்தச் சத்தம் வந்தது.

இந்தத் திமிரில்தான் நாலாவது ஸ்டட்டை உடைத்தேன்.

மெனிஃபோல்டில் மூன்று நட்டு ஒழுங்காக வந்துவிட்டது. நாலாவது இரும்பு நட்டு, இடது மூலை. ஒயில் விட்டு இரண்டே நாள். சனிக்கிழமை, மழை இல்லை, மச்சான் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இழுத்தேன், கொஞ்சம் போனது. விட்டேன், ஸ்பேனர் திரும்பி வந்தது. இது நல்ல அடையாளம்: ஸ்டட் ரப்பர் மாதிரி முறுகி, விட்டதும் பழைய இடத்துக்கு வருகிறது, இன்னும் கெடவில்லை என்று அர்த்தம். இரண்டாம் தடவை கொஞ்சம் கூட இழுத்தேன். விட்டேன். இந்த முறை முழுவதும் திரும்பி வரவில்லை. விரல் கனம் குறைந்தது. நட்டைப் பார்த்தால் அசைந்த மாதிரி இல்லை. நட்டின் விளிம்பில் இருந்த துரு வளையம் உடையாமல் அப்படியே இருந்தது. அதாவது நட்டு நிற்கிறது, நடுவில் ஸ்டட் முறுகுகிறது. என் கை அதைச் சொன்னது. 'மீள்தன்மை எல்லை' என்று இந்த வருசம் இரண்டு வகுப்புக்கு வரைபடம் போட்டுப் படிப்பித்த கை. இருந்தும் மூன்றாவது தடவை இழுத்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

உடைந்த ஸ்டட்டை எடுக்க ஈஸி-அவுட் என்று ஒன்று விற்கிறார்கள். உடைந்த துண்டின் நடுவில் துளை போட்டு, அதற்குள் இடது பக்கமாக முறுக்கி இறக்குவது. முன்பு ஒருமுறை டவுனில் ஒரு கராஜில் தேர்மோஸ்டாட் மூடியின் ஸ்டட்டுக்கு அதைப் போட்டார்கள். ஈஸி-அவுட்டே உள்ளே உடைந்தது. அது சாதாரண டிரில் பிட் இறங்காத கடினமான உருக்கு. அதைச் சுரண்டி எடுக்கச் செலவான பணத்தில் இன்னொரு ஹெட் தேடியிருக்கலாம். இந்த முறை அந்தப் பக்கமே போகவில்லை.

கினிகத்தேனையிலிருந்து வெல்டிங் பாஸ் வந்தார். (பாஸ் என்றால் இங்கே கைவேலைக்காரர்.) எழுபது வயதுக்கு மேல். வந்ததும் ஸ்டட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, எத்தனை நாள் ஒயில் விட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இரண்டு என்றேன். ஒன்றும் சொல்லாமல் பிளேன்டியை வாங்கிக் குடித்தார். நல்ல வேளையாக ஸ்டட் ஹெட்டின் முகத்துக்கு மேலே ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டு உடைந்திருந்தது. அதன் மேல் முதலில் ஒரு வாஷரை வைத்து உள்ளே வெல்ட் வைத்தார். அதன் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் குழி நிரம்ப வெல்டை ஊற்றினார். வெல்டின் சூடு நேராக ஸ்டட்டுக்குள்ளே இறங்கும், அதுதான் இதில் விசேசம். வார்ப்பிரும்போடு வெல்ட் சரியாக ஒட்டாது என்பதும் நமக்குச் சாதகம். சிவப்பு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெழுகுதிரி கேட்டார். கொடுத்தேன். நட்டை ஸ்பேனரால் இறுக்குகிற பக்கம் ஒரு நூல், கழற்றுகிற பக்கம் ஒரு நூல், இறுக்குகிற பக்கம். ஏழெட்டுத் தடவை. கடைசியில் ஸ்டட் புகைந்துகொண்டே வெளியே வந்தது, மரையின் அடியில் பழுப்பு மா மாதிரித் துரு அப்பியிருந்தது. அவர் அதைத் தரையில் போடாமல் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, பிறகு சூடு என்று ஞாபகம் வந்து, சிரட்டைக்குள் போட்டார்.

கூலி கேட்டபோது பெற்றோல் காசு மட்டும் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

கழற்றின நல்ல போல்ட்டுகளுக்கு நான் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து, ஆறினதும் துருப்பிடித்த சின்னச் சாமான்களை அதில் ஒரு நாள் ஊறப் போடுகிறேன். தேயிலையில் இருக்கிற தானின் (tannin) இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகிவிடும். கடையில் விற்கிற 'துரு மாற்றி' பலவற்றில் இருப்பதும் தானிக் அமிலம்தான். தகரச் சட்டியில் கொதித்த தேத்தண்ணி ஏன் மை மாதிரி ஆகிறது என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். தடித்த துருவை இது தின்னாது, இறுகின நட்டையும் இளக்காது. ஆனால் பிரஷ்ஷால் தேய்த்த போல்ட்டுக்கு ஒரு கறுப்புத் தோல் கொடுக்கும், பார்க்க அழகு. தூள் ஸ்டோரில் ஒதுக்கின தூள். நல்ல தூளை இதற்குப் போட்டால் அப்பா ஆவியாக வந்து நிற்பார்.

புது ஸ்டட் போட்டாகிவிட்டது. மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டுகிற 5/16 டப்பை கையாலேயே இறக்கினேன், கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால். எல்லா நட்டும் மறுபடி பித்தளை. மற்ற இடங்களில் மரைக்குச் செம்பு கிரீஸ் தடவுகிறேன். ஒன்று மறக்கக் கூடாது, கிரீஸ் தடவின மரையில் புத்தகத்தில் போட்டிருக்கிற இறுக்கத்தை அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். காய்ந்த மரைக்கான கணக்கு அது.

இடது பின் ஸ்பிரிங்கைக் காரோடு பிணைக்கிற ஷெகல் போல்ட் ஒன்றுதான் மிச்சம். திரி சுற்றி இன்றைக்கு ஒன்பதாம் நாள். காலையில் மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சத்தம் 'ணங்' என்று இல்லாமல் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். பின்னேரம் போய் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பேனரை இன்னும் வெளியே எடுக்கவில்லை.